பாவும் ஊடையும்: கல்விக் கொடையும் தன்னார்வத் தொண்டும்

திருக்குறளின் அறத்துப்பாலில் அதிகாரங்கள் அமைந்துள்ள வரிசையை உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23ஆம் அதிகாரம் ஈகை. 24ஆம் அதிகாரம் புகழ். ஊரோடு ஒத்து வாழ்ந்து, ஊருக்கு வேண்டுவது யாதென அறிந்து உதவுவது ஒப்புரவு. இல்லாத ஒருவர்க்கு உள்ளதை எடுத்துத் தருவது ஈகை. இவ்விரண்டையும் செய்தவரைத் தேடித் தானே வந்து சேர்வது புகழ். இந்த வைப்பு முறை தற்செயலாக அமைந்ததன்று என்பது நம் கருத்து. ஆனால் இன்று கல்வியின் பெயரால் நடைபெறும் கொடைகளிற் சிலவற்றைக் காணும்போது, அவற்றை நடத்துவோர் 24ஆம் அதிகாரத்தை முதலிற் படித்து, பின்னோக்கி 23க்கு வந்து, 22ஐப் புரட்டாமலேயே நூலை மூடி வைத்துவிட்டனரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஏழை மாணவர் ஒருவரின் படிப்புச் செலவை மற்றொருவர் ஏற்றுக்கொள்வது உயர்ந்த அறம் என்பதில் இரு வேறு கருத்துக்கு இடமில்லை. எனினும் அந்த அறம் பணத்தோடு நின்றுவிட்டால் பாதி வழியிலேயே அறுந்து போகிறது. பணத்தோடு ஒரு மனிதரும் உடன் நடந்தால்தான் அது கரை சேர்கிறது. இதனைக் குமாரபாளையம் போன்ற தறியூர்களின் நிலையை வைத்தும், நம் மாநிலத்திலும் தொலைதூர ஆப்பிரிக்க மண்ணிலும் நடந்துவரும் முயற்சிகளை வைத்தும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தறியூரின் கணக்கு

காவிரியின் கிழக்குக் கரையில் குமாரபாளையம்; எதிர்க்கரையில் பவானி. பவானி சமுக்காளத்தால் பெயர் பெற்றது. குமாரபாளையம் லுங்கியாலும் துண்டாலும் விசைத்தறியின் ஓசையாலும் பெயர் பெற்றது. 1997ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தினின்றும் பிரிந்து உருவான நாமக்கல் மாவட்டத்திற்கு மற்றொரு பெயரும் உண்டு. மேல்நிலைத் தேர்வில் மாநிலத் தர வரிசை வெளியிடப்பட்டு வந்த காலத்தில், அதாவது 2017ஆம் ஆண்டு அம்முறை கைவிடப்படும் வரையில், இம்மாவட்டத்தின் விடுதிப் பள்ளிகளை நாடித் தமிழகத்தின் நாலா திசையினின்றும் பெற்றோர் வந்தனர். நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் தம் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தனர்.

வெளியூர்ப் பிள்ளை கல்விக்காகத் தேடி வந்த அதே மாவட்டத்தில், உள்ளூர்த் தறி வீட்டுப் பிள்ளை பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தார் சுற்றச் செல்வதும் நடந்தது. விளக்கின் அடியில்தான் இருள் என்பார்கள். அந்தப் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டியதில்லை.

அப்பிள்ளை ஏன் நின்றது? கட்டணம் கட்ட இயலாமையால் என்று எளிதாக விடை கூறிவிடுகிறோம். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணச் சுமை இல்லை. பாடநூலும் சீருடையும் மதிய உணவும் வழங்கப்பட்டு வருகின்றன. அவ்வாறிருந்தும் பிள்ளை நிற்கிறதென்றால் காரணம் வேறு என்பது வெள்ளிடை மலை.

விசைத்தறித் தொழிலில் முன்பணம் என்றொரு வழக்கம் உண்டு. மகளின் திருமணம், மருத்துவச் செலவு, வீட்டு வாடகை ஆகியவற்றிற்காகத் தறிப்பட்டறை உரிமையாளரிடம் தொழிலாளி ஒரு தொகை வாங்குகிறார். அது தீரும் வரை வேறு பட்டறைக்குச் செல்ல இயலாது. கூலியோ நெய்த அளவுக்கேற்பக் கிடைப்பது. நூல் விலை ஏறினாலும் மின்சாரம் தடைப்பட்டாலும் சந்தை மந்தமானாலும் கூலி குறையும், கடன் குறையாது. கடனுக்காக மனிதரைப் பிணைத்து வைக்கும் முறையைக் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டே தடை செய்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. முன்பணம் வீட்டில் இருக்கிறது. அவ்வீட்டில் பதினைந்து வயதை எட்டிய பிள்ளை பெற்றோரின் கண்ணுக்கு இரண்டு கைகளாகவும் தெரிகிறது. இதற்காக அப்பெற்றோரைக் குறை கூறுதல் முறையாகாது. கடன் அவ்வாறு பார்க்க வைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் இளைஞர் நாளொன்றுக்கு 400 ரூபாய் ஈட்ட வல்லவர் என்று கொள்வோம். மாதத்தில் 25 நாள் வேலை எனில் 10,000 ரூபாய். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அவர் கல்லூரிக்கு வரும்போது அவ்வீடு இழப்பது இத்தொகையை. நாம் உதவித்தொகையாகத் தருவதோ ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க் கட்டணம். தருகின்ற நமக்கு அது பெருங்கொடையாகத் தோன்றலாம். பெறுகின்ற வீட்டிற்கு அது இழப்பின் ஒரு சிறு பகுதியை மட்டுமே ஈடு செய்கிறது. ஏழையின் கல்விக்கு உண்மையான விலை கட்டணம் அன்று; கைவிடப்படும் கூலியே ஆகும். இவ்வுண்மையை உணராத கொடை எவ்வளவு பெரிதாயினும் குறி தப்பிய அம்பே.

சட்டமும் இவ்விடத்தில் துணைக்கு வரத் தயங்குகிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே பேசுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்கு 2016இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், பள்ளி நேரம் போக எஞ்சிய வேளையில் குடும்பத் தொழிலிற் பிள்ளைகள் உதவலாம் என இடம் தந்தது. தறியும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஊரில் பள்ளி நேரம் எங்கே முடிகிறது, தொழில் நேரம் எங்கே தொடங்குகிறது என்பதை அளந்து சொல்ல வல்லவர் யார்?

உடன் நடந்த ஒருவர்

சில ஆண்டுகளுக்கு முன் குமாரபாளையத்திலிருந்து வந்து நம் துறையில் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவரை இங்கு நினைவுகூர வேண்டும். அவர்தம் மூன்றாண்டுக் கட்டணத்தையும் செல்வர் ஒருவர் ஏற்றிருந்தார். எனினும் இரண்டாம் ஆண்டின் நடுவில் அம்மாணவர் வகுப்பிற்கு வருவதை நிறுத்திக்கொண்டார். கட்டணம் கட்டப்பட்டிருந்தது, ரசீது கோப்பில் இருந்தது, மாணவரைத்தான் காணவில்லை. அவருடைய வகுப்புத் தோழர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைத் தேடிச் சென்றார். தந்தைக்கு உடல்நலம் குன்றியதால், முன்பணம் தீரும் வரை தறியில் மாற்றாளாக மகன் நிற்க நேர்ந்த செய்தி அப்போதுதான் தெரியவந்தது. அந்தத் தோழர் பட்டறை உரிமையாளரிடம் பேசினார். தறியில் நிற்பதை வார இறுதி நாள்களோடு முடித்துக்கொள்ள அவரும் இசைந்தார். தவறிய பாடங்களைத் தோழர்கள் இருவர் மாலை நேரத்தில் சொல்லிக்கொடுத்தனர். அம்மாணவர் அவ்வாண்டு இரண்டு தாள்களில் தவறினார். மறு ஆண்டு அவற்றையும் எழுதித் தேறிப் பட்டம் பெற்றார்.

இங்கே கட்டணம் கொடுத்தவர் பெரிதா, வீடு தேடிச் சென்றவர் பெரிதா என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. தறியில் நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே நாடா கொண்டு செல்வது ஊடை. பாவு மட்டும் இருந்தால் அது வெறும் நூற்கற்றை. ஊடை மட்டும் இருந்தால் அதற்கு நிற்க இடமில்லை. இரண்டும் பின்னினால்தான் துணி. கல்விக் கொடையில் பணம் பாவு, தொண்டு ஊடை. இதனை நம் தறியூர் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நாமே அவர்களிடமிருந்து கற்க வேண்டும்.

ஆப்பிரிக்க மண்ணிலிருந்து இரு பாடங்கள்

வறுமையின் முகம் உலகெங்கும் ஒன்றே. ஆதலின் ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிராமப்புறங்களில் நடந்த இரு முயற்சிகளை நோக்குவது நமக்கும் பயன் தரும்.

கென்யாவில் ஒரு கிராமத்துச் சிறுவனாக இருந்தவர் கிறிஸ் எம்புரு. அவருடைய பள்ளிப் படிப்பிற்கு, தம் வாழ்நாளில் அதுவரை கண்டிராத ஒருவர் சுவீடன் நாட்டிலிருந்து பணம் அனுப்பி வந்தார். பருவத்திற்கு ஏறத்தாழ 15 டாலர் மட்டுமே. அனுப்பியவர் ஹில்டே பாக் என்னும் ஆசிரியை. அவர் பெருஞ்செல்வர் அல்லர். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளின் கொடுமையால் பள்ளியை இழந்து, சுவீடனில் அடைக்கலம் புகுந்தவர். பெற்றோரை வதைமுகாமிற் பறிகொடுத்தவர். தமக்கு மறுக்கப்பட்டதன் அருமையை அறிந்தமையால் அதனை வேறொரு பிள்ளைக்கு ஈந்தார். எம்புரு நைரோபியிலும் பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டிலும் சட்டம் பயின்று ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பணியில் சேர்ந்தார். தமக்கு உதவியவரின் பெயரால் 2001ஆம் ஆண்டு ஒரு கல்வி நிதியை நிறுவித் தம் நாட்டு ஏழை மாணவர்க்கு உதவத் தொடங்கினார். இவ்வரலாறு 2010ஆம் ஆண்டு ஆவணப் படமாகவும் வெளிவந்தது. பெற்ற உதவியைத் தந்தவரிடமே திருப்பித் தராமல் அடுத்த தலைமுறையிடம் சேர்த்தார் என்பதே இதில் நாம் கொள்ள வேண்டிய முதற் பாடம்.

மற்றொன்று தான்சானியாவின் அரூஷா நகரை ஒட்டி அமைந்த புனித யூதா பள்ளி. ஆஸ்திரேலிய நாட்டவரான ஜெம்மா சீசியா 2002ஆம் ஆண்டு 3 மாணவர்களோடும் ஓர் ஆசிரியரோடும் இதனைத் தொடங்கினார். இன்று அங்கே ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஏழைப் பிள்ளைகள் கட்டணமின்றிப் பயில்கின்றனர். செலவிற்கான பணம் பெரும்பாலும் கடல் கடந்த கொடையாளரிடமிருந்து வருகிறது. நம் கவனத்தை ஈர்ப்பது அதன் பிறகு நிகழ்வது. பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் உயர்கல்விக்குச் செல்லும் முன் ஓராண்டுச் சமூகத் தொண்டில் ஈடுபடும் வாய்ப்பை அங்கே ஏற்படுத்தியிருக்கிறார்கள். அவர்களிற் பலர் ஆசிரியர் பற்றாக்குறையுள்ள அரசுப் பள்ளிகளிற் கற்பிக்கின்றனர். கொடையாற் படித்த ஓர் இளைஞர் ஓராண்டில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆசிரியராகிறார். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்படுகின்றன.

தொண்டு என்றதும் வெளிநாட்டிலிருந்து இரண்டு வாரம் வந்து, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு, சுவருக்கு வண்ணம் பூசிவிட்டுச் செல்வோரை நாம் காண்கிறோம். அவர்தம் உள்ளம் நல்லதே. ஆயினும் பிள்ளை ஒருவரிடம் மனம் ஒட்டிப் பழகத் தொடங்கும்போது அவர் விமானம் ஏறிவிடுகிறார். அம்மொழி பேசுபவர், அத்தெருவை அறிந்தவர், நாளையும் அங்கேயே இருப்பவர் செய்யும் தொண்டிற்கு அது ஈடாகாது. தொண்டருள் தலையாயவர் அந்த மண்ணிலேயே படித்து எழுந்த பிள்ளைதான். இது நாம் கொள்ளத்தக்க இரண்டாம் பாடம்.

நம் மாநிலத்தில்

இவ்வகை முயற்சிகள் நமக்குப் புதியன அல்ல. காமராசர் ஆட்சிக் காலத்தில் 1956ஆம் ஆண்டு மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டபோது அதற்கு முதலிற் கைகொடுத்தவர்கள் ஊர் மக்களே. கல்வித் துறை இயக்குநராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பள்ளிக்கு வேண்டிய பலகையையும் மணியையும் கட்டடத்தையும் தாமே தந்தனர். அரசும் ஊரும் கைகோத்த காலம் அது.

நம்மைப் போன்றே ஒரு கல்லூரியிற் பணியாற்றியவர் பாலம் கலியாணசுந்தரம். திருவைகுண்டம் கல்லூரியில் நூலகராக இருந்த காலத்தில் தம் ஊதியத்தை ஏழைப் பிள்ளைகளுக்கே அளித்துவிட்டு, தம் உணவிற்காக வேறு சிறு வேலைகளைச் செய்தவர். 2023ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விருது வந்த காலத்தையும் கொடை தொடங்கிய காலத்தையும் ஒப்பிட்டால், நாம் தொடக்கத்திற் குறிப்பிட்ட அதிகார வரிசையை அவர் வாழ்ந்து காட்டியமை விளங்கும்.

நடிகர் சூர்யா 2006ஆம் ஆண்டு நிறுவிய அகரம் அறக்கட்டளை, 2010ஆம் ஆண்டு முதல் ‘விதை’ என்னும் திட்டத்தின் வழி அரசுப் பள்ளி மாணவர்களின் உயர்கல்விக்கு உதவி வருகிறது. இதுவரை ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோர் இதனாற் பயன்பெற்றுள்ளனர். பெரும்பாலோர் தம் குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். விண்ணப்பித்த மாணவரின் வீட்டிற்குத் தன்னார்வலர் நேரிற் சென்று நிலையறிந்து வருவது அத்திட்டத்தின் உயிர்நாடி. மதிப்பெண் பட்டியல் காட்டாத பலவற்றை வீட்டின் கூரையும் அடுப்பும் காட்டும். கல்லூரியிற் சேர்ந்த பின்னும் பயிற்சியும் வழிகாட்டலும் தொடர்கின்றன. அங்ஙனம் படித்து முடித்தவர்களே பின்னர் தன்னார்வலராகி அடுத்த பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுகின்றனர்.

கொரோனா நோய்த்தொற்றாற் பள்ளிகள் மூடப்பட்டிருந்த நாள்களில் தறி வீட்டுப் பிள்ளைகள் ஏட்டை மூடிவிட்டுத் தார் சுற்றியதைப் பின்னர் நம் மாணவர் சிலரே கூறக் கேட்டோம். அவ்விழப்பை ஈடு செய்யத் தமிழக அரசு 2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. மாலை நேரத்தில் ஒன்றரை மணிநேரம் தெருத் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் நடந்தது. ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய் மட்டுமே. அதற்கெனத் தொண்டாற்ற வந்தவர்களிற் பெரும்பாலோர் அந்தந்த ஊரைச் சேர்ந்த பெண்கள். பட்டம் பெற்றும் வீட்டோடு இருந்த ஒரு பெண், தன் தெருப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாகித் தலைநிமிர்ந்து நின்ற காட்சி, அத்திட்டத்தின் நன்மைகளுள் ஒன்றாக எண்ணத்தக்கது.

பெறுவோரின் மானம்

இங்கே ஒரு நுட்பமான செய்தியைப் பேசாமற் செல்ல இயலாது. உதவி பெறும் மாணவரை மேடையேற்றிப் பெயரையும் தந்தையின் தொழிலையும் ஒலிபெருக்கியில் அறிவித்து, பெரிய அட்டைக் காசோலையைக் கையிற் கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கம் பெருகிவிட்டது. இத்தகைய விழா ஒன்றில் மாணவி ஒருவரின் பெயர் மூன்று முறை அழைக்கப்பட்டும் அவர் எழுந்து வரவில்லை. வராதவர் என்று பட்டியலிற் குறித்துக்கொண்டனர். அவர் அரங்கின் கடைசி வரிசையில்தான் அமர்ந்திருந்தார். பக்கத்தில் வகுப்புத் தோழியர் இருந்தனர். அதுவரை அவர்களுக்குத் தெரியாத தன் வீட்டு நிலையை ஒலிபெருக்கி சொல்லிவிட்டதே அவர் எழாமைக்குக் காரணம். அப்பெண் இழந்தது உதவித்தொகையை, காத்துக்கொண்டது மானத்தை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளிய கொடையை அறம் என்று அழைக்க நம் தமிழ் இடந்தருமா?

இஸ்லாம் ஜகாத்தைக் கடமையாக்கியபோது அதனைச் செல்வரின் தயவு என்று கூறவில்லை. வறியவரின் உரிமை என்றே கூறிற்று. மறைவாகக் கொடுக்கும் தருமத்தைச் சிறந்ததெனப் போற்றிற்று. உரிமையைப் பெறுபவர் எவருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. கீழக்கரை வள்ளல் சீதக்காதியைப் பற்றி, இறந்த பின்னும் கொடுத்தவர் என்று தமிழ்ப் பழமொழி பேசுகிறது. உமறுப் புலவர் சீறாப்புராணம் இயற்றுதற்கு ஆதரவு நல்கிய அப்பெருமகனார் மதத்தால் முஸ்லிம். கொடையால் தமிழர் அனைவர்க்கும் உரியவர். அப்பழமொழியை நாம் வேறொரு வகையிலும் பொருள் கொள்ளலாம். கொடுப்பவர் மறைந்த பின்னும் கொடுத்துக்கொண்டே இருப்பது ஓர் அறக்கட்டளை. அங்கே கொடையாளரின் முகம் இல்லை. ஆதலின் பெறுபவர் முகம் கவிழவும் தேவையில்லை.

இரு தடைகளுக்கு விடை

கல்வி தருவது அரசின் கடமை. அதனைத் தனியார் தம் தோளில் ஏற்றுக்கொண்டால் அரசு தப்பித்துக்கொள்ளாதா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. பள்ளி கட்டுவதும் ஆசிரியரை அமர்த்துவதும் அரசின் பணி. அதை எந்த அறக்கட்டளையும் செய்து முடிக்க இயலாது. ஆயினும் அரசின் திட்டம் பிள்ளையின் கையிற் சேர்வதற்கு இடையில் ஓர் ஆள் தேவைப்படுகிறார். அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. இத்தகைய உதவிகளைப் பெற வங்கிக் கணக்கு வேண்டும், சான்றிதழ்கள் வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என ஒவ்வொன்றிற்கும் இ-சேவை மையத்தில் நிற்க வேண்டும். ஒரு நாள் நின்றால் தறித் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போயிற்று. விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் அவ்வீட்டிற்குச் சென்று ஒரு மணிநேரம் அமர்ந்தால், அது பல ஆயிரம் ரூபாய்க் கொடைக்கு நிகராகும். தொண்டு அரசுக்கு மாற்று அன்று. அரசின் வாயிலுக்கு வழிகாட்டி.

உதவி பெற்றவர் நன்றியோடு இருக்க வேண்டாவா என்பது இரண்டாம் வினா. நன்றி வேண்டும். ஆனால் அதனைக் கடிதமாக எழுதி வாங்கவும், விழாதோறும் வந்து நிற்குமாறு பணிக்கவும் தொடங்கினால் அது மற்றொரு முன்பணமாகிவிடும். தறிப்பட்டறை முன்பணத்தினின்றும் மீட்ட பிள்ளையை நன்றி என்னும் முன்பணத்திற் கட்டிப்போடுவது முறையாகுமா? கென்யாவின் எம்புரு காட்டிய வழியே நேரிய வழி. கடன் தந்தவருக்கன்று, அடுத்து வரும் பிள்ளைக்கே.

நாம் செய்யத்தக்கன

கருத்துக் கூறுவதோடு நில்லாமல் செயல் வழிகள் சிலவற்றையும் முன்வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலாவது, உதவித்தொகையை ஓராண்டிற்கென வழங்காமல் பட்டம் முடியும் வரை மூன்றாண்டிற்கும் உறுதி செய்தல் வேண்டும். முதலாண்டு மூவருக்குத் தந்து மறு ஆண்டு கைவிடுவதினும், ஒருவரை மூன்றாண்டும் தாங்கிக் கரையேற்றுவது மேல்.

இரண்டாவது, தொகையைக் கட்டணத்தோடு நிறுத்தாமல் பேருந்துச் செலவு, உணவு, நூல், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். இயலுமாயின் வீடு இழக்கும் கூலியில் ஒரு சிறு பகுதியையேனும் மாதந்தோறும் அளித்தல் வேண்டும். மாதம் முதல் வாரத்தில் வந்து சேரும் 1,500 ரூபாய், ஆண்டின் இறுதியில் மேடையில் தரப்படும் 18,000 ரூபாயினும் ஒரு பிள்ளையை உறுதியாகக் கல்லூரியில் நிறுத்தும். அதுவும் மாணவரின் வங்கிக் கணக்கில் ஓசையின்றிச் சேர வேண்டும்.

மூன்றாவது, உதவி பெறும் ஒவ்வொருவருக்கும் துணையாக ஒருவர் வேண்டும். ஆசிரியரோ, மூத்த மாணவரோ, முன்னாள் மாணவரோ அப்பொறுப்பை ஏற்கலாம். மாதம் இருமுறை பேசுதல், மூன்று நாள் தொடர்ந்து வராவிடில் வீடு தேடிச் செல்லுதல் ஆகிய இரண்டே அவர்தம் கடமை. இதற்குச் செலவு ஏதுமில்லை. அக்கறை ஒன்றே முதல்.

நான்காவது, நாட்டு நலப்பணித் திட்டத்தை இதற்குப் பயன்படுத்தலாம். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் தொடங்கப்பட்ட அத்திட்டம், உறுப்பினராகும் மாணவரிடம் ஆண்டுக்கு 120 மணிநேரத் தொண்டை எதிர்பார்க்கிறது. இதனிற் பெரும்பகுதி மரம் நடுவதிலும் பேரணியிலும் கழிந்துவிடுகிறது. நட்ட மரத்தின் அருகில் மறு ஆண்டும் அதே குழியைத் தோண்டிய காட்சிகளை நாம் அறிவோம். 120 மணிநேரம் என்பது இரண்டு மணிநேரம் வீதம் 60 மாலைகள். ஒரு மாணவர் தம் 60 மாலைகளைத் தம் சொந்தத் தெருவின் ஐந்து பிள்ளைகளுக்குத் தந்தால், அவ்வைந்து பேரும் தமிழைப் பிழையின்றிப் படிக்கவும் கணக்கை அச்சமின்றிப் போடவும் கற்றுவிடுவர். தறியூரிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர்களே இதற்கு ஏற்றவர்கள். தறியோசைக்கிடையே பாடம் சொல்லும் கலை அவர்களுக்கன்றி வேறு எவருக்கு வாய்க்கும்?

ஐந்தாவது, முன்னாள் மாணவர்கள். பட்டம் பெற்று முதல் ஊதியம் வாங்கிய பின் அடுத்த ஒரு பிள்ளையின் பேருந்துச் செலவை மட்டுமேனும் ஏற்பேன் என ஒவ்வொருவரும் உறுதி பூண்டால், நம் துறை எவரிடமும் சென்று கையேந்த வேண்டியதில்லை. அப்பிள்ளை எந்தச் சமயத்தைச் சேர்ந்தது என்று எவரும் கேட்கலாகாது. நம் வருகைப் பதிவேட்டில் எல்லாச் சமயத்துப் பெயர்களும் அகர வரிசையில்தான் நிற்கின்றன. உதவியும் அவ்வாறே நிற்றல் வேண்டும்.

கொடையாளர்க்கும் ஒரு சொல். உங்கள் பணம் எங்கே சென்றது எனக் கேட்பது உங்கள் உரிமை. கணக்குக் காட்டுவது எங்கள் கடமை. அக்கேள்வியோடு மற்றொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: அந்தப் பிள்ளை இந்த வாரம் வகுப்பிற்கு வந்ததா? இவ்வினாவிற்கு உடனே விடை கூற வல்லவர் எங்கள் துறையில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். அவ்வாறு இல்லையெனில் உங்கள் பணத்தை வாங்கும் தகுதி எங்களுக்கு இன்னும் வரவில்லை என்பது பொருள்.

மாணவச் செல்வங்களே! உங்களுட் பலர் தறியின் ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அவ்விழையைத் தேடி எடுத்து, முடிந்து, பின்னரே மீண்டும் ஓட்டுவார் உங்கள் தந்தை. ஆயிரம் இழைகள் இருக்கின்றனவே, ஒன்று போனால் என்ன என்று அவர் கருதியதில்லை. கருதினால் துணி முழுதும் பழுதாகும் என்பதை அவர் அறிவார். நாளைக் காலை வகுப்பில் உங்கள் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தால், அன்று மாலையே அந்த இருக்கைக்கு உரியவரின் வீட்டைத் தேடிச் செல்லுங்கள்.